கிரேனின் ஆடாத கை

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் அதன் விலாவில் ஓர் உதை விட வேண்டும் என்பது கிரேனின் வைத்தியம். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியின் எம்பிராய்டரி மெஷினோடு இணைந்த அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் பல வருஷம் உதைக்குப் பயந்துதான் உழைத்தது. இப்போது எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டது. டக், டக், டக்.

"ஹார்ட் டிஸ்க் சாகக் கெடக்கு மாமா," என்றான் மச்சான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் தொழில். பக்கத்து மூடியைக் கழற்றியதும் தலையணை கிழிந்ததுபோல் தூசி கொட்டியது. நடுவில் ஒரு பல்லி, காய்ந்துபோய், யாரையோ முறைத்தபடி கிடந்தது.

"யாரு இத ஒதச்சது?"

"எலியா இருக்கும்," என்றான் கிரேன்.

"செருப்பு போட்ட எலி," என்றாள் மனைவி.

பூ, கொடி, பள்ளிக்கூடச் சட்டைக்கான முத்திரை என்று கண் வீங்க அவள் வரைந்த டிசைன் அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் கிடையாது. அது போனால் மெஷினை எடைக்குப் போட வேண்டியதுதான். அவள் பிழைப்பையும் சேர்த்து.

மச்சான் புது டிஸ்க்கை ஒரு பக்கம் செருகினான். பழையது மூச்சை விடுவதற்குள் அதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு ஏற்றிவிட வேண்டும். பழையதை வயரோடு வெளியே எடுத்துப் படுக்க வைத்தான், ஓடவில்லை. கவிழ்த்தான், ஓடவில்லை. ஒருக்களித்துப் பிடித்தபோது முனகிக்கொண்டு ஓடியது. செங்கல்லில் சாய்த்தான், நின்றது. துணியை மடித்து முட்டுக் கொடுத்தான், நின்றது. அவன் கையில் கொஞ்ச நேரம் ஓடியது. கை நடுங்கியதும் அதுவும் போச்சு.

"இங்க குடுறா," என்று கிரேன் வாங்கினான். ஓடியது.

"மாமா, அசையாதீங்க! அசஞ்சீங்க, அக்கா டிசைன் அம்புட்டும் காலி."

"எவ்வளவு நேரம்டா?"

"முடிஞ்சதும் சொல்றேன்." மச்சான் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிரேனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனைவி வாயைத் திறந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். திரும்பி வரும்போது அவள் சொல்ல வந்தது ஆறிப் போயிருக்கும். இப்போது செருப்பு வாசலில் இருந்தது. அவன் கையில் டிஸ்க் இருந்தது. எதிரே மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, இப்ப பேசலாமா?"

"இப்பவா?"

"வேற எப்ப?"

ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில் தொடங்கினாள். பிரசவ வலியில் அவள் துடித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவன் படுத்துத் தூங்கியதும், நர்ஸ் இவனை நோயாளி என்று நினைத்து ஊசியோடு வந்ததும் வந்தது. மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். பிறகு இவனுடைய அக்கா நாலு நாள் என்று வந்து, மழைக்காலம் முடிகிற வரை கட்டிலைப் பிடித்துக்கொண்ட கதை.

"அவள ஏன் இழுக்கிற?"

"கைய ஆட்டாதீங்க!"

கிரேன் அடங்கினான். மூக்கு நுனி அரித்தது. அவளே எட்டிச் சொறிந்துவிட்டாள், சொறிந்துகொண்டே திட்டினாள்.

"போன வருஷம் மெஷின் ஊசி விரல்ல எறங்கிடுச்சு. நகத்தோட சேத்து. கூப்புட்டேன், நீங்க டீக்கடையில. நானே குறடு வச்சுப் பிடுங்குனேன். பத்து நாள் கட்டோட திரிஞ்சேன், என்னன்னு கேட்டீங்களா?"

"காய் நறுக்கும்போது நீ வெட்டிக்கிட்டியோன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. கேக்கல."

இதற்கு எந்தப் பக்கம் உதைப்பது என்று கிரேனுக்குத் தெரியவில்லை. டிஸ்க்கைக் காதருகே கொண்டுபோனான். முனகல் இல்லை. சில்லென்று கிடந்தது.

"டேய் மச்சான், நின்னுபோச்சுடா!"

"அது... உங்க அக்கா கதை வந்தப்பவே முழுசா ஏறிடுச்சு மாமா. நாந்தான் நிறுத்துனேன்."

"அட நாசமாப் போறவனே! ஏன்டா சொல்லல?"

"எங்க அக்கா கண்ணக் காட்டுச்சு. எனக்கு அது கூடப்பொறந்தது மாமா. பயமும் கூடவே பொறந்துது."

மனைவி வாசல் பக்கம் தலையைச் சாய்த்தாள். "டிசைன் பத்திரம். செருப்பு அங்கதான் இருக்கு. போங்க."

கிரேன் செருப்பைப் பார்த்தான். டிஸ்க்கை மேசையில், முட்டைக்கூடையை இறக்குவதுபோல் இறக்கிவைத்தான்.

"எந்த வெரலு?"

"நீங்களே கண்டுபிடிங்க," என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் ஒன்றைத் தொட்டான். "அது இல்ல." இன்னொன்றைத் தொட்டான். "அதுவும் இல்ல. கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

கிரேன் வெளிச்சத்துக்காக அவள் கையை ஜன்னல் பக்கம் திருப்பி, நகம் நகமாகப் பார்க்கத் தொடங்கினான். மச்சான் புது டிஸ்க்கை உள்ளே வைத்து மூடியைத் திருகினான். கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சியது. இந்த நேரத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.