செருப்பு வாரின் வெள்ளை

தங்கச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் இருக்கும் ஐடாவின் பாதங்களில் வெள்ளைக் கோடுகள் விழுந்து ஆறு மாதமாகியிருந்தது. உடம்பெல்லாம் பரவிவிடுமோ என்று பயந்து, சேலையைத் தரையில் புரளவிட்டு மறைத்தே வந்தாள். கடைசியில் பக்கத்திலிருக்கும் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள்.

வாசலில் விட்டிருந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார் டாக்டர். வார்களுக்கு அடியில் வெள்ளை முழுவதும் மறைந்துபோனது.

“இன்னா டாக்டர், செருப்பாலயா?” ஐடா செருப்பைச் சட்டென்று உதறினாள்.

“ஆமாம்மா. சில ரப்பர்ல இருக்கிற கெமிக்கல், தோலுக்கு நிறம் தர்ற செல்லைக் கொன்னுடும். இத இனிமே போடாதீங்க. மருந்து தடவினா நிறம் மெல்லத் திரும்பலாம்.”

மகள் வினோலியாவுக்கும் அதே செருப்பைத்தான் வாங்கித் தந்திருந்தாள். பதறிப்போய்ப் போன் செய்தாள்.

“கண்ணு, செருப்பக் கழட்டிட்டு கால பாரு.”

“ரெண்டு வெள்ளப் புள்ளி கீதும்மா. இன்னா அது?”

ஐடா டாக்டரிடம் திரும்பி, மகள் சொன்னதைச் சொன்னாள். டாக்டரே போனை வாங்கி, “கெளம்பி வாம்மா. ஆரம்பத்துலயே பார்த்தாச்சு, பயப்படாத” என்றார்.