நெளிகோடு போட்ட ஜன்னல்

இப்போதெல்லாம் ஒருத்தரும் எதையும் அறுதியாகச் சொல்வதில்லை. எப்போது வருவாய் என்று கேட்டால் ‘ஒரு பத்து மணி வாக்குல’ என்கிறான். பதினொன்றரைக்கு வந்து பல்லைக் காட்டுகிறான். கண்ணாடி அறுக்கிறவன் அப்படிப் பிழைக்க முடியுமா?

மகன் வீட்டுக் குளியலறை ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அளவு எழுதிய சீட்டோடு என் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அகலம் 84 என்று எழுதி, அதற்கு முன்னால் புழு ஊர்ந்த மாதிரி ஒரு நெளிகோடு போட்டிருந்தாள்.

“இது என்னம்மா, பேனா வழுக்கிருச்சா?”

“டில்டா, மாமா. சுமாரா எண்பத்துநாலு சென்டிமீட்டர்னு அர்த்தம். சில பாஷையில இதையே எழுத்து தலைமேல போட்டா மூக்கால சொல்லணும்.”

“மூக்காலயா?”

“உங்களுக்கு அது தேவைப்படாது. நீங்க எப்பவும் அப்படித்தான பேசுறீங்க.”

நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டு ஜன்னலெல்லாம் பூப்போட்ட கண்ணாடி. அந்தப் பூ இப்போது எங்கும் கிடைப்பதில்லை. என்னிடம் மிச்சம் ஒரே துண்டு. துணியென்றால் ஒட்டுப் போடலாம். கண்ணாடியில் கோடு தப்பினால் குப்பைத்தொட்டிதான். இதில் சுமாராம். நானே அளக்காமல் அறுக்கிற வைரத்தை அதன்மேல் வைக்கமாட்டேன் என்று டேப்போடு கிளம்பிவிட்டேன்.

ஜன்னலின் மேல்பக்கம் அளந்தேன். 84. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“கீழயும் வச்சுப் பாருங்க.”

83. நடுவில் இரண்டுக்கும் இடையே. டேப்பை உதறி மறுபடி வைத்தேன். ஜன்னலுக்கு இரக்கமில்லை.

“மூணு இடத்துல மூணு அளவு வந்துச்சு, மாமா. அதான் நெளிச்சுட்டேன். ஆமா, இந்தச் சட்டம் யாரு அடிச்சது?”

வீடு கட்டும்போது, தச்சன் ஏமாற்றுவான் என்று நானே அடித்தது. அது அவளுக்கும் தெரியும்.

மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம், இரண்டிலும் 3 மில்லிமீட்டர் குறைத்து என்று அவள் சீட்டிலேயே குறித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். வைரத்தை இழுத்து, மூச்சை அடக்கித் தட்டினேன். டிக்கென்று கோட்டோடு பிரிந்தது. சாயங்காலம் சட்டத்துக்குள் ஒரு பூவும் சிதையாமல் போய் உட்கார்ந்தது. ஓரத்தில் கண்ணாடி பிடிக்கப் புட்டிப் பசை பூசினேன்.

“மூணு மில்லி எதுக்குக் கழிச்சீங்க?”

“இறுகி விரிசல் விட்டுரக் கூடாதில்ல. கைக்கணக்கா ரெண்டோ மூணோ விடுவோம்.”

“ரெண்டோ மூணோ,” என்றாள். சீட்டை எடுத்து, என் 3-க்கு முன்னால் ஒரு நெளிகோடு போட்டு நீட்டினாள்.

“ஜன்னல் கோணல்னு ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா? அதுக்கு ஒரு புழு எதுக்கு?” என்றேன்.

சீட்டை வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.