குடையை விட்டுப் போனவள்

“அவ்வளவுதான், கதை முடிஞ்சிருச்சு” என்று வார இதழை மூடினாள் காஜா அக்கா.

எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் பட்டன் மேசையில் அப்படி ஒரு வழக்கம். மதியத்துக்குமேல் ஒருத்தி கதை படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளையும் சேர்த்து மற்றவர்கள் பட்டன் தைத்துக் கொடுத்துவிடுவோம். கணக்கில் சட்டை குறையாதவரை மேற்பார்வையாளர் கண்டுகொள்ள மாட்டார்.

அன்றைய கதையில் ஒருத்தி, பால் வாங்கி வருவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு, கையில் ஒரு பைகூட இல்லாமல் குழந்தையோடு கிளம்புகிறாள். மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். பஸ் வந்து போகிறது. நிறுத்தத்தில் அவள் குடை மட்டும் கிடக்கிறது. அதோடு சரி.

“மழை விட்டிருக்கும், மறந்து வச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பா” என்றாள் நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுகிறவள். “எங்க வீட்ல மாசத்துக்கு ஒரு குடை தொலையுது. நான் என்ன ஓடியா போயிட்டேன்?”

“நீ ஓடினா உன் புருஷன் மொட்டை அடிச்சுக்குவாரு, சந்தோஷத்துல” என்றாள் காஜா அக்கா. சிரிப்பு அடங்கியதும், “எழுதினவரே சொல்லாம விட்டுட்டாரு. இனி யாரு என்ன சொன்னாலும் சரிதான், இதுல தப்புன்னு ஒண்ணு கிடையாது” என்றாள்.

“அதெப்படி? ஒண்ணு ஏறியிருக்கணும், இல்ல ஏறாம இருந்திருக்கணும். ரெண்டும் எப்படிச் சரியாகும்?” என்றாள் வக்கீல்.

நான் வாயை மூடிக்கொண்டு தைத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் குடை மறந்த அசடாக ஆக்கிவிட்டார்களே என்று கோபம் வந்தது.

“ஏறிட்டா” என்றேன். “கையில பை இல்லாம வந்தாளே, அது எதுக்கு? சந்தேகம் வரக் கூடாதுன்னுதான். குழந்தை துணியை எல்லாம் ஒவ்வொண்ணா முன்னாடியே வேற இடத்துல கொண்டுபோய் வச்சிருப்பா.”

“அது கதையில எங்க இருக்கு?” என்றாள் வக்கீல்.

கதையில் எங்கேயும் இல்லை. சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து நான் கொண்டுவந்த என் மகளின் துணிகள் இந்தத் தொழிற்சாலை லாக்கரில் இருக்கின்றன. நாளை என் புருஷன் லாரியில் வெளியூருக்கு லோடு ஏற்றிப் போகிறார். மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இங்கேயே இருக்கும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை.

என் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் ஊசி நின்றிருந்தது. என் புருஷனின் தங்கை. எங்களுக்கு அடுத்த அறையில் படுப்பவள். இரவில் என் மேல் விழும் அடி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்காது. ஒருநாளும் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. காலையில் என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்பாள்.

இப்போது என்னையே பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கப்புறம் நான் தைத்த பட்டன் ஒன்றும் நேராக இல்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அண்ணனிடம் சொல்லிவிடுவாளா? ரத்த பாசம் சும்மா விடுமா? சொன்னால் நாளை நான் வேலைக்கு வருவதே நின்றுபோகும். அப்புறம் வாசல்படி தாண்ட முடியாது.

சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் அவர் நின்றிருந்தார். மகளை என் இடுப்பிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்ன, மூஞ்சியே சரியில்ல. ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டைதான்” என்றாள் நாத்தனார். “இன்னிக்கு ஒரு கதை படிச்சோம்ணா. ஒருத்தி குழந்தையோட பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. ஏறினாளா இல்லையான்னு சொல்லாமயே முடிச்சிட்டாங்க.”

நான் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

“நீ என்ன சொன்ன?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“அவ வீட்டுக்குத் திரும்பிட்டான்னு அண்ணி சொல்றாங்க. நான் ஒத்துக்கல” என்றாள் அவள், நான் வாய் திறப்பதற்குள்.

அவர் சிரித்தார். “உங்க அண்ணி சொல்றதுதான் சரி. குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போயிடுவா?”

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். எனக்கு மூச்சு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. எனக்காகத்தான் மாற்றிச் சொன்னாளா? இல்லை, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்கிறாளா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளும் இவருடைய ரத்தம்தானே.

மருந்துக் கடை திருப்பத்தில் அவள் நடையைக் குறைத்தாள். என் முழங்கையைப் பிடித்தாள். அண்ணன் காதுக்கு எட்டாத குரலில் கேட்டாள்.

“பாப்பாவோட இன்ஹேலரை எடுத்து வச்சிட்டீங்களா, அண்ணி?”

எடுத்து வைக்கவில்லை. அது அவருடைய அலமாரியில் இருக்கிறது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நான் மாட்டிக்கொண்ட மாதிரிதான். எதற்கு என்று அப்பாவியாகத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவள் பிடி தளரவில்லை.

முன்னால் போனவர் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தார். மகள் அவர் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய ஒரு கை அவர் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது.