ஜிங்கே கையில் இருந்த டப்பா

"பிஷி, இந்தத் தடவ ஜிங்கேவுக்கு மோட்டார் சைக்கிள் குடுத்திருக்கேன்" என்றாள் சௌமிலி.

"போன வருஷம் குதிர குடுத்தியே."

"குதிர பழசாப் போச்சு. இப்ப தோல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. ஜமீன்தாரோட உக்கிராண அறையக் கொள்ளையடிச்சு இல்லாதவங்களுக்குக் குடுக்கறா. கடைசில கோர்ட்டு சீன். கூண்டுல நின்னு, 'ஆமா, நான்தான் எடுத்தேன், இன்னமும் எடுப்பேன்'னு சொல்றா. சனம் எழுந்து நின்னு கை தட்டும், பாருங்க."

"டப்பா?"

"எந்த டப்பா?"

"தேங்கா உருண்ட டப்பா. அது இன்னும் அவ கையிலதான் இருக்கா?"

"அது இல்லாம எப்படி? டப்பா இல்லேன்னா அது ஜிங்கேவே இல்ல பிஷி."

சௌமிலிக்கு நாற்பத்து மூன்று வயது. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. சாயங்காலம் எங்கள் வடக்குக் கொல்கத்தாப் பேட்டையின் கிளப்பில் நாடக இயக்குநர். எல்லா நேரத்திலும் ஜிங்கே ரசிகர் வட்டத்தின் தலைவி. பேட்டையில் எல்லாருக்கும் நான் பிஷி, அதாவது அத்தை. துர்கா பூஜையில் சப்தமி அன்று மாலை நாடகம். ஒவ்வொரு வருடமும் ஜிங்கேதான். வேடம் மட்டும் மாறும்.

ஜிங்கேவைத் தெரியாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. லட்சுமி பூஜைக்குச் செய்து வைத்த தேங்காய் உருண்டைகளைத் தின்றுவிட்டு, டப்பாவும் கையுமாகப் பிடிபடுகிற ஒன்பது வயதுப் பெண். பிடித்துக் கொடுப்பவன் அவள் அண்ணன், மொண்டு என்கிற நல்ல பையன். இதை எழுதியவர் நிஷித் பாதுரி. என் பெரியப்பா மகன், எனக்கு நிஷித்-தா, அதாவது நிஷித் அண்ணன். ஜிங்கே என்றால் பீர்க்கங்காய். ஒன்பது வயதில் நான் அப்படித்தான் இருந்தேன், ஒல்லியாக, நீளமாக, சற்றே வளைந்து. வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயரையே எடுத்துப் புத்தகத்தில் போட்டுவிட்டார். என் நிஜப் பெயர் இலா. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த உருண்டைகளை நான் எடுக்கவில்லை.

பூஜை அறைக்குப் பக்கத்தில் ஏணி சாத்தியிருந்தது. அதன் பின்னால் பதினாறு வயது நிஷித்-தா இரண்டு கன்னமும் உப்ப நின்றிருந்தார். காலி டப்பாவை என் கையில் திணித்தார். "சொல்லிடாதடி, அப்பா தோல உரிச்சுடுவார். உன்னப் பத்தி ஒரு கதை எழுதித் தர்றேன்" என்றார். அதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. அவரும் பதினோரு வருடம் கழித்து, சொன்னபடியே கதை எழுதினார்.

அதற்கப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "மிட்டாய் டப்பாவப் பூட்டி வெச்சுட்டுத்தான் கிளம்பினோம்" என்றாள் என் மாமியார். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் கணவரும் சாகிறவரை வேடிக்கையாகத்தான் சொன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டில் நாலு இனிப்பு வைப்பார்கள், டப்பாவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், கண்ணைச் சிமிட்டுவார்கள். "அது நான் இல்ல" என்றால், "அட, கதைதானே" என்பார்கள்.

இந்தக் காலத்து ரசிகர்களோ என்னைக் கொண்டாடினார்கள். ஒருவன் ஜிங்கேவைச் சட்டையில் அச்சடித்தான். ஒருத்தி கையில் வாள் கொடுத்துப் படம் போட்டாள். கல்லூரிப் பக்கம் ஜிங்கே பேரில் ஒரு காபிக் கடை இருக்கிறது. சால்ட் லேக்கில் ஓர் என்ஜினியர் அவளை விண்வெளி உடுப்பு மாட்டி நிலாவுக்கே அனுப்பிவிட்டார். நிலாவிலும் கக்கத்தில் டப்பா. வாள் கொடுத்தார்கள், குதிரை கொடுத்தார்கள். கையில் இருந்த டப்பாவை மட்டும் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒத்திகையின்போது கேட்டேவிட்டேன்.

"சௌமிலி, ஒரு மாத்தம் சொல்லட்டுமா? கோர்ட்டுல மொண்டு ஒத்துக்கறான்னு வெச்சா என்ன? அவன்தான் தின்னான்னு."

"மொண்டுவா? அந்த அசடா?"

"ஏன், அசடுக்குப் பசிக்காதா?"

நீதிபதி வேடம் போடுகிற மீன்கடை நோனி சிரித்தான். "பிஷி சொல்றது நல்லாத்தான் இருக்கு."

"நீ சும்மா இரு நோனி. பிஷி, நான் ஜிங்கேவ விமானம் ஓட்ட வைக்கலாம், பேயாக்கலாம், மந்திரியாக்கலாம். திருடலேன்னு மட்டும் சொல்ல முடியாது. அசல் கதைக்குத் துரோகம்."

"நான்தாண்டி அசல்."

"நீங்க அசல் இல்ல பிஷி. புஸ்தகம்தான் அசல்" என்றாள், மிகவும் மரியாதையாக.

வசனப் பிரதியை வாங்கிக்கொண்டு என் முக்காலிக்குப் போனேன்.

முப்பத்தெட்டு வருடங்களாக இந்தக் கிளப்பின் நாடகங்களுக்கு நான்தான் பிராம்ப்டர். மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் டார்ச், மடியில் பிரதி, வசனம் மறந்தவர்களுக்கு அடிக்குரலில் எடுத்துக் கொடுக்கிற வேலை. நான் ஒரு நாடகத்தையும் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு எப்போதாவதுதான் நான் தேவைப்படுவேன். பினய் டாக்டருக்கு மூச்சுக்கு மூச்சு தேவைப்படுவேன்.

பினய் ஹோமியோபதி டாக்டர். மொண்டு வேடம் அவருக்குத்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஞாபகசக்திக்கு மாத்திரை கொடுப்பார். சொந்த வசனம் ஒரு வரி மனதில் நிற்காது.

"ஒரு தடவ படிச்சுப் பாத்தீங்களா டாக்டர்?"

"எதுக்கு பிஷி? நீங்க இருக்கீங்கள்ல. நீங்க சொல்லுங்க, நான் உணர்ச்சியாச் சொல்லிடறேன்."

உண்மைதான். காதில் விழுந்ததை யோசிக்காமல், கணீரென்று, கண்ணீர் வருகிற மாதிரி சொல்வார். ஒரு முறை கொசு கடித்து நான் "அய்யோ" என்றபோது அதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

சப்தமி அன்று பந்தலில் நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் டப்பா படம் போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் நிஷித்-தா, எழுபத்தொன்பது வயது, வெள்ளை வேட்டி, கைத்தடி. உட்காருவதற்கு முன் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்னடி ஜிங்கே, டப்பாவப் பத்திரமா வெச்சிருக்கியா?"

"நீ பல்லப் பத்திரமா வெச்சிருக்கியா?"

வருடாவருடம் இதே கேள்வி, இதே பதில். அவருக்கு நடந்தது மறந்தே போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். எழுதி, பாராட்டு வாங்கி, எழுதினதே நடந்ததாக ஆகிப்போயிருக்கும். எனக்கும் எழுபத்திரண்டு ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் திருடி மட்டும் மிஞ்சுவாள், கறுப்புக் கண்ணாடியோடு.

நாடகம் நன்றாகவே போனது. மோட்டார் சைக்கிள் மேடையில் ஏறியபோது விசில் பறந்தது. ஜிங்கே வேடத்தில் சௌமிலிக்குத் தோல் கோட்டு பொருத்தமாகத்தான் இருந்தது. கோர்ட்டு வந்தது. பஞ்சு ஒட்டிய தலையோடு நோனி உட்கார்ந்து, மீன் வெட்டுகிற கட்டையை மேசையில் தட்டினான்.

"சாட்சி மொண்டு. உருண்டைகளை எடுத்தது யார்?"

பினய் இரண்டடி என் பக்கமாக நகர்ந்து காதைச் சாய்த்தார். பிரதியில் இருந்த வரி, "ஜிங்கேதான் எடுத்தாள், என் கண்ணால் பார்த்தேன்." டார்ச்சை அதன்மேல்தான் பிடித்திருந்தேன். திரைச்சீலையின் இடைவெளியில் முன்வரிசை தெரிந்தது. வரி வருவதற்கு முன்பே நிஷித்-தா சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

டார்ச்சை அணைத்தேன்.

"கனம் நீதிபதி அவர்களே, நான்தான் எடுத்தேன்."

"கனம் நீதிபதி அவர்களே," என்றார் பினய், நெஞ்சில் கை வைத்து, "நான்தான் எடுத்தேன்."

"ஏணிக்குப் பின்னால் நின்று தின்றேன்."

"ஏணிக்குப் பின்னால் நின்று தின்றேன்."

"காலி டப்பாவை என் தங்கை கையில் கொடுத்தேன்."

"காலி டப்பாவை என் தங்கை கையில்..." அங்கேதான் அவருக்கு ஏதோ உறைத்தது. ஆனாலும் தொழில் பக்தி, "கொடுத்தேன்" என்று முடித்துவிட்டு, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

பக்கத்துத் தெருப் பந்தலின் மேளம் மட்டும் கேட்டது. கூண்டுக்குள் சௌமிலி என்னை முறைத்த முறைப்பில் திரைச்சீலை பற்றிக்கொள்ளும் போலிருந்தது.

நோனிதான் சமாளித்தான். கட்டையை மறுபடி தட்டினான்.

"ஒத்துக்கிட்டா ஆச்சா? எத்தன உருண்ட? சரியாச் சொல்லு. புஸ்தகத்துல பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

பினய் காதைச் சாய்த்தார். என்னிடம் வரி இல்லை. எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது காலி டப்பாவை. பினய் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். நான் கையை விரித்தேன். அவரும் கையை விரித்தார்.

"பதினேழு" என்றது ஒரு குரல்.

முன்வரிசையில் நிஷித்-தா கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார்.

"யாருய்யா அது நடுவுல? சாட்சியா?" என்றான் நோனி.

"சாட்சி இல்லப்பா. தின்னவன்."

முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, என் அண்ணிதான் சிரித்தாள். அப்புறம் பந்தலே சிரித்தது. சௌமிலியை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், கூண்டை விட்டு இறங்கினாள், டப்பாவைக் கொண்டுபோய் மேடை விளிம்பில் நிஷித்-தாவுக்கு எதிரே வைத்தாள். "அப்ப இத நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். சனம் எழுந்து நின்றது, அவள் ஆசைப்பட்டபடியே.

திரை விழுந்ததும் என் முக்காலிக்கு வந்தாள்.

"என் கடைசி வசனம் போச்சு பிஷி. ஒரு மாசமா மனப்பாடம் பண்ணினேன்."

"நீ சொன்னது அதவிட நல்லா இருந்துச்சு."

"அது வேற விஷயம்." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "நிஜமாவே நீங்க எடுக்கலியா?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஏன் என்கிட்ட இத்தன நாளா சொல்லல?"

"சொன்னேனே. நான் அசல் இல்லேன்னியே."

அதற்குள் நிஷித்-தா கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"உனக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"மறக்கற மாதிரியா? ரெண்டு நாள் வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். எதனாலன்னு யார்கிட்டயும் சொல்லவும் முடியல."

"பின்ன ஏன் என் பேர்ல எழுதின?"

"உன்னப் பத்திக் கதை எழுதறேன்னு சொன்னேன்ல. உக்காந்து பாத்தா, ஒண்ணும் திருடாத பொண்ணப் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இன்னிக்குத்தான் கேட்டேனே. நல்லா இருந்துச்சு, மூணு வரிதான்."

தசமி வருவதற்குள் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். மொண்டுதான் திருடன் என்று ஒரு கட்சி. இல்லை, தங்கையைக் காப்பாற்ற மொண்டு சொன்ன பொய் அது என்று இன்னொரு கட்சி. கன்னம் உப்பிய மொண்டு படம் எல்லார் கைபேசியிலும் வந்தது. பினய் டாக்டரிடம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் "பதினேழா, பன்னெண்டா?" என்று கேட்கிறார்களாம். அடுத்த வருடம் ஜிங்கே துப்பறிகிறாள் என்று சௌமிலி சொல்லியிருக்கிறாள்.

"மோட்டார் சைக்கிள்?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் பிஷி. நல்லா ஓடுது."

பௌர்ணமியன்று லட்சுமி பூஜைக்கு நிஷித்-தா வீட்டுக்குப் போனேன். அண்ணி தட்டு கொண்டுவரவில்லை. டப்பாவையே கொண்டுவந்து என் முன்னால், மூடியைத் திறந்து வைத்தாள். நிஷித்-தா கையை நீட்டினார். அண்ணி டப்பாவை என் பக்கமாக நகர்த்தினாள்.

"உங்களுக்கு எண்ணித்தான்" என்றாள் அவரிடம். "நீ சாப்பிடு இலா" என்றாள் என்னிடம், அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

டப்பா நிறைய இருந்தது. வெல்ல வாசனை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிஷித்-தாவுக்கும் ஒன்று, ஏணி இல்லாத அந்த அறையில், மேசைக்கு அடியில் கொடுத்தேன்.