மூன்றாவது படகு

விசாரணை அறையில் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். கல்யாண வீட்டுக்குத்தான் அவன் அப்படிப் போவான். மேசைக்கு இந்தப் பக்கம், படகுகளுக்கு உரிமம் தரும் அதிகாரியாக அவள். "என் அண்ணன் சம்பந்தப்பட்டது சார், வேற யாரையாவது போடுங்க" என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தாள். "ஊர்ல எல்லாருமே யாருக்காவது அண்ணன்தாம்மா. நீயே நடத்து, நான் பக்கத்துல இருக்கேன்" என்றுவிட்டார்.

விண்ணப்பித்தவனுக்கு ஊரில் டீசல் என்று பெயர். வாடையால் வந்த பெயர். அண்ணனின் படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவனை, ஒரு வாய்த்தகராறில் அண்ணன் வேலையை விட்டு நிறுத்தினான். இப்போது சொந்தப் படகோடு வந்து அக்கரைக்கு ஆள் ஏற்ற உரிமம் கேட்கிறான்.

"உங்க ஆட்சேபத்தைச் சொல்லுங்க" என்றாள். அண்ணனை அவள் 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. வேறு யாரையோ கேட்கிறாள் என்பதுபோல அவன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

"இருக்கிற ரெண்டு படகுக்கே ஆள் பத்தல. மூணாவது வந்தா மூணு பேரும் சேர்ந்து முங்க வேண்டியதுதான்."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இன்னொரு படகின் முதலாளியான கண்ணாடிக்காரர், இத்தனை வருஷத்தில் அண்ணன் சொன்ன எதற்கும் தலையாட்டாதவர், அன்று ஆட்டினார். டீசல் எழுந்து, "ஆத்த விட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான்.

பயணிகள் தரப்பில் யாராவது உண்டா என்று கேட்டாள். கடைசி வரிசையில் அண்ணி எழுந்தாள். அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"காலைல எட்டு மணிக்கு ரெண்டு படகும் முட்டிக்கிட்டுக் கிளம்புது. ஆளுங்களைக் கையப் புடிச்சு இழுக்கறாங்க. அந்தக் கூட்டம் போனதும் ரெண்டும் சேர்ந்து படுத்துக்குது. நைட் டியூட்டி முடிச்சு வந்தா மத்தியானம் வரைக்கும் வெயில்ல கெடக்கணும். நேத்து என் பக்கத்துல ஒரு பொண்ணு, பச்சப் புள்ளையோட உக்காந்திருந்தா."

அண்ணன் திரும்பினான். "இத வீட்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். டிவி சத்தத்தக் கூட்டுனீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் டீசலின் படகைப் பார்வையிடப் போனாள். எஞ்சின் சுத்தமாக ஓடியது. மிதவை உடுப்புகள் ஒரு பெட்டியில் இருந்தன, பெட்டிக்குப் பூட்டு. சாவி வீட்டிலிருப்பதாக அவன் சொன்னான்.

"கவுந்தா சாவி எடுக்க வீட்டுக்குப் போவீங்களா?"

"திருடிட்டுப் போயிடறாங்க மேடம்."

தேறவில்லை என்று எழுதினாள். அன்று மாலையே அண்ணன் போன் செய்தான். "என் தங்கச்சின்னு காட்டிட்ட" என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். அதற்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது.

இரண்டாம் முறை போனபோது உடுப்புகள் எல்லா இருக்கைகளுக்கும் மேலே கைக்கெட்டும்படி தொங்கின. உரிமம் கொடுத்தாள். ஒரு நிபந்தனை வைத்தாள்: முதல் ஆறு மாதம் காலைக் கூட்டத்தைத் தொடக்கூடாது, மற்றவர்கள் ஓட்டாத நேரத்தில்தான் ஓட்ட வேண்டும். மேலதிகாரி படித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் திட்டுவாங்கம்மா" என்றார்.

"திட்டட்டும் சார்."

அண்ணன் திட்டவில்லை. போனும் செய்யவில்லை.

புதுப் படகு ஓடத் தொடங்கிய அன்று அவள் துறைக்குப் போனாள். முற்பகல் வெயில் ஏறியிருந்தது. அண்ணனின் படகு கட்டிக்கிடந்தது. அவன் துறையில் நின்று கண்ணாடிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. அக்கரையிலிருந்து டீசலின் படகு வந்தது. பாதிக்குமேல் காலி இருக்கைகள். முன்வரிசையில் அண்ணி, மடியில் பையோடு, தூக்கத்தில் தலை சரிந்து உட்கார்ந்திருந்தாள். கயிற்றை வாங்கிக் கட்ட டீசல் கரையில் ஆள் வைத்திருக்கவில்லை போலிருக்கிறது. அவன் யாரையும் பார்க்காமல் கயிற்றை வீசினான்.

அண்ணனின் கை பேச்சுக்கு நடுவே உயர்ந்து அதைப் பிடித்தது.

பிடித்த பிறகுதான் எந்தப் படகின் கயிறு என்று பார்த்தான். கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்தினார். எஞ்சின் அடங்கியிருந்தது, நீரோட்டம் படகை மெதுவாக வெளியே இழுக்க, கயிற்றின் தொய்வு குறைந்துகொண்டே வந்தது. கட்டும் கம்பம் அவன் பக்கத்திலேயே இருந்தது. அண்ணி கண் விழித்து அவனைப் பார்த்தாள். ஈரக் கயிறு முறுக்கேறி, அவன் உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.