ஏரோபிளேன், ஒரு உருப்படி

முனியராஜ் திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறவன். ஊசிவெடி, சங்குசக்கரம், ஏரோபிளேன் என்று வாரம் முழுக்க அடுத்தவன் சரக்குக்குப் படம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவனுக்கென்று ஒன்று இருந்தது. தெர்மோகோலையும் பால்சாக் கட்டையையும் இழைத்து அவனே செய்த விமானம். பேட்டரியில் ஓடும், ரிமோட்டில் திரும்பும். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வற்றிய பக்கம் அது மேலேறும்போது, அவனுடைய முதுகுவலி போன இடம் தெரியாது.

மும்பையில் தாக்குதல் நடந்த மறுவருஷம் அதற்கும் வந்தது வினை. அனுமதி இல்லாமல் ஆகாயத்தில் எதையும் பறக்கவிடக் கூடாதாம். ரோந்து வந்த அதிகாரி விமானத்தை வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டார்.

"பெர்மிஷன் வாங்கிட்டு வந்து ஸ்டேஷன்ல எடுத்துக்கோ. பத்திரமா இருக்கும்."

அன்று பிடித்தது அலைச்சல். இங்கே கேட்டால் மதுரைக்குப் போ என்றார்கள், மதுரையில் டெல்லிக்கு எழுது என்றார்கள், டெல்லி வாயே திறக்கவில்லை. விருதுநகரில் ஒரு கிளார்க் மட்டும் மனுவைப் படித்தார்.

"ஏரோபிளேனா? மருந்து எத்தன கிராம்?"

"மருந்தே இல்ல சார்."

"மருந்தில்லாம எப்பிடிய்யா மேல போகும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கம் ஏரோபிளேன் என்றால் திரி வைத்ததுதான். முனியராஜே அதற்கு லட்சம் லேபிள் அடித்திருப்பான்.

தீபாவளி வந்தது. ஊரே ராக்கெட் விட்டு ஆகாயத்தைப் பொசுக்கியது. அதற்கு யாரும் பெர்மிஷன் கேட்கவில்லை.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு அலைவீக? விட்டுத் தொலைங்க," என்றாள் மனைவி இசைவாணி. அவனுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் விட மனசு வரவில்லை.

ஒருவழியாகக் காகிதம் வந்தது. ஞாயிறு மட்டும், அணைப் பக்கம் மட்டும், பட்டாசு ஆலைகளை விட்டுத் தள்ளி. சந்தோஷப்படக்கூட அவனிடம் தெம்பில்லை. பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனான்.

பிடிபட்ட சாமான்களுக்குப் பொறுப்பான ஏட்டு கருப்பணன் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "ஏரோபிளேன், ஒரு உருப்படி. நீதானாலே அது? எம்புட்டுப் பெருசு! சீசனுக்கு சீசன் புதுசு புதுசாப் பண்ணுதீகடே."

கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. லைசென்ஸ் இல்லாமல் பிடிபடும் பட்டாசையெல்லாம் அதில்தான் முக்கிப்போடுவார்கள். ஸ்டேஷன் தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது?

பாசித் தண்ணீருக்குள் விமானம் கிடந்தது. மிதக்காமலிருக்க முதுகில் ஒரு கல் வைத்திருந்தது. ஒட்டு விட்டு இறக்கை தனியாகக் கழன்றிருந்தது. மோட்டார் துருவேறிப் போயிருந்தது.

"வந்த அன்னைக்கே முக்கிட்டேன். ஒரு பொட்டு மருந்து மிஞ்சியிருக்காது. பயப்படாமக் கொண்டுபோலே," என்றார் ஏட்டு, ஆதரவாக.

மருந்தே இல்லை என்று சொல்ல முனியராஜ் வாயெடுத்தான். எத்தனை பேரிடம்தான் சொல்வது? கல்லை எடுத்து ஓரமாக வைத்தான்.

"கையெழுத்து எங்கன போடணும்யா?" என்று கேட்டான்.