தெரிஞ்சவர்தான்

மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்த பிறகுதான் மகளுக்கு நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, அம்மாவால் இனி எதையும் விழுங்க முடியாது, எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருங்கள் என்று முந்தாநாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கை பழகிப்போயிருந்தது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பஞ்சும் கிண்ணமுமாக அறைக்குப் போனாள்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்கு இணைப்புக் கொடுத்தே தலை நரைத்தவள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவளுக்கு 'ஹலோ அக்கா' என்றுதான் பெயர். இன்றைக்கு யாருக்கு லைன் போட்டீர்கள் என்று கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். உங்கள் வீட்டுக்காரிக்குத்தான், உங்களைப் பற்றி ஒரே புகார் என்று அம்மாவும் சளைக்காமல் சொல்லிவிட்டு வருவாள்.

அப்பா போன பிறகு அம்மா மகள் வீட்டுக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே மகள் அதைக் கவனித்தாள். சமையலறையில் தனியாக இருக்கும்போது அம்மா பேசிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காததைப் பற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு சீக்கிரம் கரைந்துபோவதைப் பற்றி. நடுநடுவே சிரிப்பு வேறு. யாராவது உள்ளே போனால், திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள், பொறு என்று. பால் பொங்கி வந்தால், "கொஞ்சம் லைன்ல இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்" என்பாள்.

அந்த 'லைன்ல இருங்க'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மாவின் புத்தி பழைய ஆபீசுக்கே போய்விட்டது என்று மகள் பயந்தாள். நாளைக்குத் தன்னையே யாரென்று கேட்பாள், அடுப்பை அணைக்க மறப்பாள், தெருவில் இறங்கிப் போய்விடுவாள். பேசினால் பேசட்டும் விடேன், நம்மில் யார் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம் என்று கணவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். யாரோடு பேசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, அம்மா புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, "தெரிஞ்சவர்தான்" என்றாள். டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை எழுதியாயிற்று.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் கொடுமை. சமையலறையில் பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. அம்மா ஜன்னலோர நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்புவாள், கொடுத்தால் சாப்பிடுவாள். ஒரே ஒருநாள், "என்னவோ பேச்சே வரமாட்டேங்குதும்மா. அவர் என்ன நினைப்பாரோ" என்றாள். அப்பாவைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி, மகள் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, அன்றைக்கும் மறக்காமல் மாத்திரையைக் கொடுத்தாள்.

இப்போது அறையில் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மகள் பஞ்சை நனைத்துக்கொண்டு குனிந்தாள். மாத்திரை நின்றதாலோ என்னவோ, குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"இத்தனை நாள் எங்க போயிட்டேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. பேசலாம்னு உட்காருவேன், ஒரு வார்த்தை வராது. ஆனா நீங்க போனை வைக்கலைன்னு தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இவ்ளோ பெரிய உலகத்தைக் கையில வச்சுக்கிட்டு எங்க அடுப்படியில வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா ஆண்டவரே?"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். மகளின் கையிலிருந்த பஞ்சு தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் சபையில் பெண்கள் சங்கத் தலைவி. அவள் ஜெபிக்கத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும் என்பது கணவனின் கிண்டல். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று ஆரம்பித்து, கடலையும் மலையையும் தாண்டி, வீட்டுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். மாலை ஜெபத்தில் அம்மாவைக் கேட்டால், நீயே பண்ணும்மா, நீதான் அழகாகப் பண்ணுவாய் என்று ஒதுங்கிக்கொள்வாள். அம்மாவுக்கு ஜெபிக்க வராது என்றே மகள் நினைத்திருந்தாள். ஆண்டவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார் என்று வாராவாரம் எழுந்து நின்று சொன்னவள்தான். தன் வீட்டுக்குள் ஒருத்தி அதை அப்படியே நம்பிப் பேசியபோது டாக்டரிடம் ஓடியிருக்கிறாள்.

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. போர்வையின் மேல் கிடந்த கையில் ஒரு விரல் மட்டும் எழுந்தது. பொறு.

"என் மகதான். கோவிச்சுக்காதீங்க, பயந்துட்டா" என்றாள் அம்மா. அதை அவளிடம் சொல்லவில்லை. "லைன்ல இருங்க, அவகிட்ட குடுக்கிறேன்."

விரல் மகள் பக்கம் சாய்ந்தது.

"பேசும்மா."

மகள் வாயைத் திறந்தாள். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தக் கட்டிலருகில் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறொன்றும் வரவும் இல்லை. என்னம்மா பேசுவது என்று அம்மாவிடமே கேட்டாள். அம்மா காத்துக்கொண்டிருந்தாள். மகள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவில்லை. விரல் அவள் பக்கமே சாய்ந்து கிடந்தது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் போதகர் நன்றாகவே ஜெபித்தார். நீங்களும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள் என்று சங்கத்துப் பெண்கள் அவளைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். பாவம், அம்மா மேல் அவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

பிற்பகலில் வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, கணவனுக்குத் தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டாள். அம்மா எப்போதும் நிற்கும் இடத்தில், தொட்டியோரம் போய் நின்றாள். சோப்பு பாதி கரைந்து கிடந்தது.

"இந்தச் சோப்பு வந்து..." என்று சத்தமாகத் தொடங்கினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு நாள்கூட நிக்கமாட்டேங்குது."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. யாரோடு பேசுகிறாய் என்று கணவன் கேட்டான்.

அவள் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பால் விளிம்புக்கு ஏறியிருந்தது. அவன் சத்தமில்லாமல் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனான்.